கனவிலும் நின்ற சோதனைச் சாவடி



நம் இதழில் பொதுவாக ரேஷன் அட்டை, தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியர் இல்லாத குறை, மொழிச் சிறுபான்மையினர் உரிமை, பொங்கல் விழா வரவு செலவு என்று உருப்படியான விஷயங்களைத்தான் எழுதுவோம். இந்த முறை நான் கனவுகளைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறு வேலை இல்லை போலும்" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொரோனா நோய் வந்த காலத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்தியாவிலேயே முதல் நோயாளி 2020 ஜனவரி 30ஆம் தேதி நம் பக்கத்து மாவட்டமான திருச்சூரில்தான் கண்டறியப்பட்டார். மார்ச் 23 அன்று கேரள அரசு ஊரடங்கை அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார்கள். அந்த 21 நாள் நீண்டு கொண்டே போன கதை உங்களுக்குத் தெரியும். வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்து போன இடங்களெல்லாம் ஒரே வாரத்தில் வேறு தேசத்து எல்லை போல ஆகிவிட்டன.

எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேருக்குப் பாஸ், எத்தனை கிலோ இலவச அரிசி என்பதற்கெல்லாம் அரசாங்கத்திடம் கணக்கு இருக்கிறது. பகலில் நடந்தவற்றின் கணக்கு அது. அந்த நாட்களின் இரவுகளில் நம் வீடுகளில் என்ன நடந்தது என்பதற்கு மட்டும் எங்கும் கணக்கு இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாய் தந்தையர் மூணாறு மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். லயத்தில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். தோட்டத்தில் ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அப்படித்தான் அப்பாவும் அம்மாவும் போடிநாயக்கனூருக்குக் கீழிறங்கி வந்து அண்ணன் வீட்டோடு தங்கினார்கள். அக்காவை மலையிலேயே கட்டிக்கொடுத்தோம். நான் வேலை தேடிப் பாலக்காடு வந்து, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, இங்கேயே வேர் பிடித்துவிட்டேன். அப்பா காலமான பிறகு அம்மா தினமும் இரவு எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்வார். ஆக, அம்மா போடியில், அக்கா மூணாற்றில், நான் பாலக்காட்டில். ஒரு குடும்பம் மூன்று இடத்தில், நடுவில் எல்லைக் கோடு. ஊரடங்கு வரும் வரை அப்படி ஒரு கோடு இருப்பது எங்களுக்கு உறைத்ததே இல்லை.

2020 ஏப்ரல் மாதம் ஒரு நாள் அம்மா வழக்கத்துக்கு மாறாகக் காலை ஆறு மணிக்கே போன் செய்தார். "தம்பி, விடியக்காலம் ஒரு கனாக் கண்டேன்டா. போடிமெட்டுல கலியாணம். செக்போஸ்ட்டுக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் பந்தல் போட்டிருக்கு. உங்க அப்பாரு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் தாம்பாளத்த வச்சிக்கிட்டு இந்தப் பக்கம் நிக்கிறேன். போலீஸ்காரரு, 'நீ பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா'ன்னு கேக்குறாரு. எனக்குச் சொல்லத் தெரியல. எந்த வீடுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், தெரியல தம்பி" என்றார்.

கனவில் கலியாணம் கண்டால் நல்லதல்ல என்பது நம் பக்கத்து நம்பிக்கை. விடியக் கண்ட கனவு பலிக்கும் என்பதும் நம்பிக்கை. அம்மா இரண்டையும் சேர்த்துப் பயந்திருந்தார். எனக்கோ அன்றைக்குத் தொழிற்சாலை எப்போது திறக்கும், சம்பளம் வருமா என்ற கவலை. "அம்மா, ராத்திரி லேசாச் சாப்பிட்டுப் படுங்க. கனவையெல்லாம் சொல்லிப் பிள்ளைங்களைப் பயமுறுத்தாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா எந்தக் கனவையும் என்னிடம் சொல்லவில்லை, ஒரே ஒரு முறை தவிர.

அந்த ஒரு முறை ஜூன் மாதம். ஊரடங்கால் எல்லை கடக்க முடியாமல், இடுக்கி மாவட்டத்துப் பெண்ணுக்கும் தமிழ்நாட்டு மாப்பிள்ளைக்கும் சின்னாறு சோதனைச் சாவடி அருகே நடு ரோட்டிலேயே திருமணம் நடந்தது. வாசகர்கள் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் பத்திரிகையைப் படித்துக் காட்டியிருக்கிறார். அம்மா எனக்குப் போன் செய்து, "பாத்தியா தம்பி, என் கனாப் பலிச்சிருச்சு. நல்ல விதமாப் பலிச்சிருச்சு" என்று சின்னப் பிள்ளை போலச் சந்தோஷப்பட்டார். நானும் சிரித்தேன். நம் மீது விழ இருந்த ஏதோ ஒன்று அந்தப் புதுமணத் தம்பதிகளின் வாழ்த்தாகக் கழிந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அதே மாதக் கடைசியில் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். கொரோனா அல்ல, இருதயம். செய்தி வந்தபோது நான் பாஸுக்கு விண்ணப்பித்திருக்கலாம். இறப்புக்குப் பாஸ் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் திரும்பி வந்தால் 14 நாள் தனிமை. எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. தொழிற்சாலை திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்ப்பா" என்று அண்ணனே சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். வாட்ஸ்அப் வீடியோவில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நான் போகவில்லை. எந்த அதிகாரியும் என்னைத் தடுக்கவில்லை. நானாகத்தான் போகவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரு கனவு அடிக்கடி வரத் தொடங்கியது. கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நிற்கிறேன். கையில் காகிதம் இருக்கிறது, அதில் எழுத்து இல்லை. "எந்த வீடு?" என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியாத பதில் எனக்கும் தெரியவில்லை.

இதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன். பிறகுதான் உலகம் முழுவதும் அந்த ஆண்டில் மனிதர்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கனவு கண்டார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆராய்ச்சியாளர்கள் கண்டது

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியர்ட்ரே பாரெட் என்ற உளவியல் அறிஞர், நோய் பரவத் தொடங்கிய 2020 மார்ச் மாதத்திலிருந்தே பல நாட்டு மக்களின் கனவுகளைச் சேகரித்தார். ஆயிரக்கணக்கான கனவுகள் சேர்ந்தன. அதே ஆண்டில் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகும், ஈராக் ஆக்கிரமிப்புக்குப் பின் குவைத் மக்களிடமும் கனவுகளைக் கேட்டு ஆராய்ந்தவர் அவர். கொரோனா காலக் கனவுகளில் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து மொய்ப்பது மிகுதியாக இருந்ததாம். ஆங்கிலத்தில் பூச்சிக்கும் நோய்க் கிருமிக்கும் ஒரே சொல்லைப் பேச்சில் பயன்படுத்துவதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார். கனவு கூட அவரவர் மொழியில்தான் வருகிறது என்பதற்கு இது நல்ல சான்று அல்லவா?

பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஊரடங்கின் ஆறாவது வாரத்தில் 4,000க்கும் மேற்பட்டவர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். சுமார் 800 பேர் தங்கள் கனவுகளையும் எழுதிக் கொடுத்தார்கள். கெட்ட கனவுகளில் பாதிக்கு மேல் நோயோடு தொடர்புடையவை. இடைவெளி விட மறந்து யாரையோ கட்டிப் பிடித்துவிட்டதாகவும், கூட்டத்தில் சிக்கிக்கொண்டதாகவும், வயதானவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டதாகவும் கனவு கண்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள், தனித்தனி வீடுகளில் படுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரே கனவைக் கண்டிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் என்ன? தூக்கம் என்பது ஒரே மாதிரி ஓடுவதில்லை. சுமார் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண்மணி வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு. 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. இரவின் தொடக்கத்தில் இது சில நிமிடங்களே நீடிக்கும். விடியற்காலையில்தான் நீளமாக இருக்கும். அலாரம் வைத்து ஐந்து மணிக்கு எழுகிறவன் அந்த நீண்ட கனவை இழந்துவிடுகிறான். ஊரடங்கில் அலாரம் இல்லை, முதல் ஷிப்டு இல்லை, மலையில் பாக்டரிச் சங்கு இல்லை. விடிந்த பிறகும் படுத்திருந்தோம். அடிக்கடி பயத்தில் விழித்தோம். விழிக்கும்போது கண்ட கனவுதான் நினைவில் நிற்கும்.

விடியக் கண்ட கனவு பலிக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சரியா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் விடியக் கண்ட கனவுதான் நீளமானது, தெளிவானது, மறக்காதது என்பதை அவர்கள் எந்தக் கருவியும் இல்லாமலேயே கவனித்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பை நாம் மூடநம்பிக்கை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

நம் கனவுகள் வேறு

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒரு துணிவு வந்தது. பழகியவர்களிடம், "ஊரடங்கு சமயத்தில் கனவு ஏதாவது வந்ததா?" என்று கேட்க ஆரம்பித்தேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். அப்புறம் சொல்லத் தொடங்கினால் டீ ஆறிப்போகும் வரை சொல்வார்கள்.

கொழிஞ்சாம்பாறையில் காய்கறி வியாபாரம் செய்யும் ஒரு நண்பர், பொள்ளாச்சி சந்தைக்குப் போய்த் திரும்பும்போது தன் வீட்டு வாசலிலேயே செக்போஸ்ட் கட்டியிருப்பதாகக் கண்டாராம். உள்ளே பேரன் விளையாடும் சத்தம் கேட்கிறது, இவரை விடவில்லை. வாளையாருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சகோதரி, நூற்றுக்கணக்கான செருப்புகள் ரோட்டில் கிடப்பதாகக் கண்டிருக்கிறார். அதற்குக் காரணம் கனவு அல்ல, அவர் கண்ணால் பார்த்தது. 2020 மே மாதம் பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வாளையாரில் வெயிலில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். மே 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கேரள உயர்நீதிமன்றம் அவர்களுக்காகச் சிறப்பாகக் கூடி, அங்கே சிக்கியவர்களுக்குப் பாஸ் கொடுக்கச் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது.

போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு விடிவதற்கு முன்பே ஜீப்பில் மலையேறும் பெண்களை நமக்குத் தெரியும். ஊரடங்கில் அந்த ஜீப்புகள் மாதக்கணக்கில் நின்று போயின. என் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டு அம்மாள் அப்படிப் போகிறவர். தினமும் கனவில் ஜீப் வந்து ஹாரன் அடிக்குமாம். தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவாராம். ஜீப்பில் இருக்கிறவர்கள் எல்லாரும் இவரைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவார்களாம். "எந்திரிச்சு உக்காந்தா, கூலி போன வருத்தத்தை விட, ஒருத்தியும் என்னைக் கூப்பிடலையேன்னுதான் அழுகை வருது" என்றார்.

ஊரடங்கு தொடங்கிய அந்த வாரத்திலேயே, வண்டி கிடைக்காமல் இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து காட்டு வழியே நடந்து போடிக்கு அருகே இராசிங்காபுரம் திரும்பியவர்கள் மலையில் பற்றிய காட்டுத் தீயில் சிக்கினார்கள். ஒரு குழந்தை உட்படச் சிலர் உயிரிழந்தார்கள். அந்தப் பக்கத்து மக்களுக்கு அந்த ஆண்டுக் கனவில் நெருப்பு வந்ததென்றால் அதற்கு எந்தப் பலன் சொல்லும் புத்தகமும் தேவையில்லை.

என் அக்காவின் கனவு வேறு. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்க முடியுமா? 70 பேர். அத்தனை பேரும் நம்மைப் போலத் தமிழ்க் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. நால்வரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. சொந்த ஊரிலிருந்து உறவினர்கள் வருவதற்கும் பாஸ் வாங்க வேண்டியிருந்த காலம் அது. அக்கா இருப்பது வேறு தோட்டம். ஆனாலும் மழை பெய்தால் இன்றைக்கும் படுக்க மாட்டார். கண்ணை மூடினால் சுவர் நகர்கிறது என்பார். பகலில் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பழகிப் போச்சு" என்பார். பகலில் சொல்வது ஒன்று, இரவில் காண்பது ஒன்று. எதை நம்புவது?

இப்படி ஒரு முப்பது நாற்பது பேரிடமாவது கேட்டிருப்பேன். இது ஆராய்ச்சி அல்ல, டீக்கடைப் பேச்சுத்தான். ஆனாலும் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மேல் நாட்டவர் கனவில் பூச்சி வந்தது, கூட்டம் வந்தது. நம்மவர் கனவில் வந்தது எல்லை. கிருமியைக் கண்டு பயந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் இருக்கிறவர்களை இனிப் பார்க்க முடியுமா என்று பயந்தவர்களைத்தான் பார்த்தேன்.

இதில் வியப்பில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதுவரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தோடு சேர்ந்தது. கோடு காகிதத்தில்தான் விழுந்தது. சந்தை, சம்பந்தம், குலதெய்வம், ஆஸ்பத்திரி எல்லாம் இரண்டு பக்கமும் கலந்தே இருந்தன. அறுபத்து நான்கு ஆண்டு கழித்து, அந்தக் கோட்டின் மேல் தடுப்புக் கம்பி இறங்கியது. நோயைத் தடுக்க அது தேவைப்பட்டிருக்கலாம். அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பெரியவர்களுக்கு அது நோய்த் தடுப்பாகத் தெரியவில்லை. "நீ எந்த வீடு?" என்ற கேள்வியாகவே தெரிந்தது. பிழைக்க வந்த இடத்தில் நாற்பது ஆண்டு உழைத்தும், சொந்த ஊருக்குத் திரும்பியும், இரண்டு இடத்திலும் சொந்தம் என்று சொல்ல முடியாத ஒரு தலைமுறையின் கேள்வி அது. என் அம்மா அதை விழித்திருக்கும்போது ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்கத் தெரிந்தவர்கள் நாம்

கனவைச் சொல்வதும் கேட்பதும் நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் 'கனவுநிலை உரைத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பிரிந்திருக்கும் தலைவி, காதலரின் தூதோடு வந்த கனவுக்கு என்ன விருந்து வைப்பேன் என்று ஏங்குகிறாள். பிரிவுத் துயரில் கனவு ஒரு விருந்தாளி என்று வள்ளுவர் அறிந்திருந்தார்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீய கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி அதைத் தள்ளிவிடவில்லை. முழுவதும் கேட்டு, தனக்குத் தெரிந்த ஒரு வழியையும் சொல்கிறாள். அந்த வழியால் நடக்க இருந்தது நிற்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கண்ணகிக்குச் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தது. என் அம்மாவுக்கு அந்த ஏப்ரல் காலையில் அது இல்லை.

அந்தக் கண்ணகிக்குக் குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், எல்லையிலேயே மங்கலதேவிக் கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும், இரண்டு மாநில மக்களும் மலையேறிப் போகலாம். 2020, 2021 இரண்டு ஆண்டும் அந்த ஒரு நாளும் இல்லாமல் போயிற்று. 2022 ஏப்ரலில்தான் மறுபடி வழி திறந்தது. அன்று மலையேறிய கூட்டத்தில் நானும் இருந்தேன். இடிந்த கற்சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, கனவை முழுவதும் கேட்ட தேவந்தியின் நினைவுதான் எனக்கு வந்தது.

இப்போது சிலர் ஆட்சேபணை சொல்வார்கள். ஒன்று, "வயிற்றுப் பிரச்சினை இருக்கும்போது கனவா?" என்பது. கூலி, பாஸ், ரேஷன், லயத்து வீடு, இவற்றுக்காக நாம் போராடத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஜீப் கனவு கண்ட அம்மாள் சொன்னதைப் பாருங்கள். கூலியை விட, தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் அவரை அழ வைத்தது. நிவாரணப் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டாவது, "இது மூடநம்பிக்கையை வளர்க்கும்" என்பது. நான் பலன் பார்க்கச் சொல்லவில்லை. என் அம்மாவின் கனவு சின்னாற்றுக் கலியாணத்தை முன்கூட்டிச் சொன்னது என்றும் நான் நம்பவில்லை. எல்லையில் குடும்பங்கள் பிரிந்து நின்ற காலத்தில், எல்லையில் ஒரு கலியாணம் கனவில் வருவதும் நிஜத்தில் நடப்பதும் ஒரே துன்பத்தின் இரண்டு விளைவுகள். கனவு வரப் போவதைச் சொல்வதில்லை. மனதில் ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறது. நம் பெரியவர்கள், "எனக்குப் பயமாக இருக்கிறது, நீ வந்து பார்த்துவிட்டுப் போ" என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று நினைப்பார்கள். "ஒரு கனாக் கண்டேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அம்மா அன்று சொன்னது கனவு அல்ல, அழைப்பு. அதை நான் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

மூன்றாவது ஆட்சேபணை, "முடிந்து போனதைக் கிளறுவானேன்?" என்பது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 முதல் 1939 வரை, ஷார்லோட் பெராட் என்ற பெண் பத்திரிகையாளர் பெர்லினில் அக்கம்பக்கத்தாரின் கனவுகளைக் கேட்டு ரகசியமாகக் குறித்து வைத்தார். 1966இல் அது புத்தகமாக வந்தது. அந்தக் காலத்துச் சட்டங்களும் போர்களும் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. சாதாரண மக்கள் உள்ளுக்குள் எப்படி நடுங்கினார்கள் என்பதற்கு அந்தச் சின்னப் புத்தகம்தான் சாட்சி. அந்தக் கொடுமையையும் நம் ஊரடங்கையும் நான் ஒப்பிடவில்லை. யாராவது ஒருவர் கேட்டு எழுதி வைக்காவிட்டால் கனவு விடியும் முன்பே மறைந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் சங்கம் என்ன செய்யலாம்?

என் யோசனை எளியது. பெரிய செலவும் இல்லை. நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கட்டும். வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பாட்டி, தாத்தா, அம்மாச்சி, அப்பத்தாவிடம் போய் ஊரடங்கு காலத்தில் கண்ட கனவையும், பட்ட பயத்தையும் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வரட்டும். பெயர் வேண்டாம், ஊர் போதும். பெட்டிமுடிக்காரர்களின் உறவினர்களிடமும், ஏலத்தோட்டப் பெண்களிடமும், வாளையாரில் நின்றவர்களிடமும் பக்குவமாகக் கேட்க வேண்டும். சொல்ல மனமில்லாதவர்களை வற்புறுத்தக் கூடாது.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் இப்போது மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். என் பேரன் தூக்கத்தில் மலையாளத்தில்தான் பேசுகிறான். அதில் எனக்கு வருத்தமில்லை. பிழைக்கும் மண்ணின் மொழி அது. ஆனால் அவன் கொள்ளுப்பாட்டி கண்ட கனவு தமிழில் வந்தது. அதை அவன் தன் கையால் தமிழில் எழுதிப் பார்த்தால், இலக்கணப் புத்தகம் தராத ஒன்று அவனுக்குக் கிடைக்கும்.

கேட்கும்போது சிலரிடம் கனவு இன்னும் தீராமல் இருப்பது தெரியவரலாம். இரவு தோறும் அதே பயத்தில் விழிக்கிறவர்களை, "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். அக்காவை அப்படிப் பேச வைக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. இப்போது மழை நாளிலும் இரண்டு மணி நேரமாவது தூங்குகிறார்.

எனக்கு அந்தச் செக்போஸ்ட் கனவு இன்னும் வருகிறது. முன்பு போல அடிக்கடி இல்லை. போன மாதம் வந்தபோது, முதல் முறையாக அதை என் மனைவியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வரும். அத்தை வந்து வாசல்ல நிப்பாங்க. கதவைத் திறக்கப் போனா கை கழுவணும்னு ஞாபகம் வரும். கழுவிக்கிட்டே இருப்பேன், முடியாது" என்றார். ஐந்து ஆண்டுக்கு மேலாக ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறோம். அன்று இரவு வெகு நேரம் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் விடியற்காலையில் போன் செய்து, "ஒரு கனாக் கண்டேன்" என்று ஆரம்பித்தால், தயவு செய்து போனை வைத்துவிடாதீர்கள். முழுவதும் கேளுங்கள். முடிந்தால் அந்த வாரமே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது செக்போஸ்ட்டில் யாரும் பாஸ் கேட்பதில்லை.

நோட்டு யோசனை பற்றிய உங்கள் கருத்துகளைச் சங்க முகவரிக்கு எழுதுங்கள். முதல் நோட்டில் முதல் பக்கத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். அது என் அம்மா கண்ட போடிமெட்டுக் கலியாணம்.